சிறுநீர்ப் பெருக்கி மருந்து பிறந்த வரலாறு

இதயம் தளர்ந்த நோயாளி ஒருவரின் நிலையை அருகிருந்து கண்டவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள். கால்கள் வீங்கிப் பளபளக்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அக்குழி நெடுநேரம் மறையாது நிற்கும். வயிறு பானைபோற் பருக்கும். இரவிலே படுத்தால் மூச்சுத் திணறும். ஆதலால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தோ, நாற்காலியில் அமர்ந்தோ விடியும்வரை அவர் விழித்திருப்பார். தம் உடலுக்குள்ளே தேங்கிய நீரிலேயே ஒருவர் சிறிது சிறிதாக மூழ்கும் கொடுமை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வைத்தியர்கள் இந்நீரை வடிப்பதற்கு நோயாளியின் காலிலே துளையிட்டு, மெல்லிய குழாய்களைச் செருகி, கீழே பாத்திரம் வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள்.

இன்று அத்தகைய நோயாளிக்குச் சிறிய மாத்திரை ஒன்றோ ஊசி மருந்தோ போதுமானதாக இருக்கிறது. சில மணி நேரத்துள் சிறுநீர் பெருகுகிறது, வீக்கம் வடிகிறது, நோயாளி மறுநாள் இரவு படுத்து உறங்குகிறார். இம்மருந்துகளைச் சிறுநீர்ப் பெருக்கிகள் என்பர். உயர் இரத்த அமுக்கம் உடையோர் கோடிக்கணக்கானோர் உட்கொள்ளும் மருந்துகளுள்ளும் இவை முதன்மையானவை.

இவை எவ்வாறு கிடைத்தன? தவளை, எலி, நாய் ஆகிய விலங்குகளின் சிறுநீரை ஆய்வுகூடங்களிலே துளி துளியாக அளந்து, அதிலே கரைந்திருந்த உப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கணக்கிட்ட நெடிய உழைப்பினாற் கிடைத்தன. அவ்வுழைப்பின் வரலாற்றை நோக்குவோர்க்கு ஓர் உண்மை தெளிவாகத் தோன்றும். ஆய்வுகூடத்து விலங்கு, தன்னிடம் கேட்கப்பட்ட வினாவுக்கு மட்டுமே விடை தருகிறது. வினா தவறானால் விடையும் பயன்படாது போகும்; வினா செம்மையானால், பல்லாண்டு மறைந்திருந்த உண்மை ஒரு நாளிலே வெளிப்பட்டுவிடும்.

முற்காலத்திலே சோதனைக்கு உட்பட்ட உயிர் நோயாளியே. இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்து வைத்தியர் வில்லியம் விதரிங், நீர்வீக்கத்துக்கு நாட்டுப்புற மாது ஒருத்தி கொடுத்துவந்த பலமூலிகைக் கலவையை ஆராய்ந்து, அதிலே பயன் தருவது டிஜிற்றாலிஸ் என்னும் செடியே எனக் கண்டு, 1785 ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். அவருடைய நோயாளிகள் பலருக்குச் சிறுநீர் பெருகி வீக்கம் வடிந்தது. ஆதலின் அச்செடி நெடுங்காலம் சிறுநீர்ப் பெருக்கியாகவே எண்ணப்பட்டது. இதயத்தின் இயக்கத்தின் மீதும் அதற்கு ஆற்றல் உண்டென்பதை விதரிங் கவனித்திருந்தார். உண்மையில் அது வலுவூட்டியது இதயத்துக்கே. இதயம் தேறியதனால் சிறுநீரகம் தன் வேலையைச் செய்தது. நோயாளியின் சிறுநீர் பெருகியது என்பதை மட்டும் கொண்டு, மருந்து எவ்வுறுப்பிலே தொழிற்பட்டது என்று கூறமுடியாது.

அடுத்த மருந்தும் இவ்வாறே தற்செயலாகக் கிட்டியது. 1919 ஆம் ஆண்டு, முதலாம் உலக யுத்தம் முடிந்து வறுமையிலே வாடிய வியன்னா நகரத்தில், அல்பிரட் வோகல் என்னும் மருத்துவ மாணவர், பிறவியிலேயே மேகநோய் பற்றிய இளம்பெண் ஒருத்திக்கு இரசம் சேர்ந்த நொவாசுரோல் என்னும் புதிய மருந்தை ஊசிமூலம் செலுத்தினார். மேகநோயைத் தணிப்பதே அவர் கருத்து. ஆனால், தாதியர் நாள்தோறும் தவறாது எழுதிவைத்த சிறுநீர்க் கணக்கிலே, ஊசி போட்ட நாட்களில் அளவு திடீரென உயர்ந்து நின்றது. வேறு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தபோது அதுவே நிகழ்ந்தது. அன்று தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, நீர்வீக்கத்துக்கு இரசமருந்து ஊசியே வைத்தியர்களின் சிறந்த படைக்கலமாக விளங்கியது. அதனை ஊசியாகவே போடவேண்டும், நோயாளி வாரந்தோறும் வைத்தியரை நாடவேண்டும், இரசமோ நஞ்சு. எனினும் அதனைவிட மேலானது வேறொன்று இருக்கவில்லை.

மேலானதொன்றைத் தேடுவதானால், சிறுநீரகம் எவ்வாறு வேலை செய்கிறது என்பது முதலில் தெரியவேண்டும். இவ்விடயத்தில் அறிஞர்களுக்குள்ளே நெடுநாள் வழக்கொன்று இருந்தது. 1842 ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் கார்ல் லுட்விக், சிறுநீரகத்திலுள்ள நுண்ணிய இரத்தக்குழாய்ப் பந்துகள் இரத்தத்தினின்று நீரையும் உப்பையும் வடிக்கின்றன என்றும், அவ்வடிநீர் நீண்ட சிறுகுழாய்கள் வழியே செல்லும்போது பெரும்பகுதி இரத்தத்துக்கு மீள்கின்றது என்றும் கூறினார். அதே ஆண்டில் இலண்டனிலே வில்லியம் போமன், அச்சிறுகுழாய்களின் சுவர்களே கழிவுப் பொருள்களைச் சுரக்கின்றன என்னும் கருத்தை வெளியிட்டார். வடித்தலா, சுரத்தலா? எண்பது ஆண்டுகளாக இவ்வழக்குத் தீரவில்லை.

தீர்ப்பு வழங்கியது ஒரு தவளை. 1924 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், ஜோசப் வேண், ஆல்பிரட் றிச்சட்ஸ் என்னும் இருவரும் மயிரிழைபோன்ற மெல்லிய கண்ணாடிக்குழாயை, நுணுக்குக்காட்டியின் கீழே, தவளையின் சிறுநீரகத்திலுள்ள ஒரே ஒரு பந்துக்குள் செலுத்தினர். உள்ளேயிருந்து எடுத்த நீரோ ஒரு பனித்துளியினும் மிகச் சிறிது. அத்துளியிலே சர்க்கரையும் குளோரைட்டும் இருந்தன. அதே தவளையின் சிறுநீர்ப்பையிலிருந்த சிறுநீரிலோ அவை இல்லை. வடித்தல் முதலில் நிகழ்கிறது; வேண்டியவை பின்னர் வழியிலே மீள்கின்றன என்பது இதனால் உறுதியாயிற்று. சில பொருள்களைச் சிறுகுழாய்கள் சுரக்கவும் செய்கின்றன என்பதும் பின்னர் நிறுவப்பட்டது. ஆக, வழக்காளிகள் இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது.

மனிதனின் இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. சிறுநீராக வெளியேறுவதோ ஏறத்தாழ ஒன்றரை லீற்றர். அந்த வடிநீருடன் ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட உப்பும் இறங்குகிறது. அதிலும் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு மீள்கிறது. உப்புச் செல்லும் வழியே நீரும் செல்லும். எனவே, சிறுநீரைப் பெருக்க விரும்பும் மருந்து புதிதாக எதையும் உண்டாக்கவேண்டியதில்லை. உப்பு மீண்டுவரும் வழியிலே சிறியதொரு தடையை இட்டாற் போதும். நூற்றுக்கு ஒரு பங்கு, இரண்டு பங்கு தடைப்பட்டாலே சிறுநீர் இருமடங்காகும். அந்தத் தடை எவ்விடத்தில், எவ்வுப்பின் மீது விழவேண்டும் என்பதே இனி எழுந்த வினா.

அவ்வினாவுக்கு வழிகாட்டிய பொருள் வேறொரு நோக்கத்துக்காக வந்தது. 1930 களின் நடுவிலே, தொற்றுநோய்களை எதிர்க்கும் சல்பனிலமைட்டு என்னும் மருந்து உலகெங்கும் பரவியது. அம்மருந்தோடு துயர நிகழ்ச்சியொன்றும் பிணைந்திருக்கிறது. 1937 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்க மருந்து நிறுவனமொன்று சிறுவர்களும் விரும்பிக் குடிப்பதற்காகச் சல்பனிலமைட்டை இனிய பானமாக்க எண்ணியது. அதனைக் கரைப்பதற்கு டையெதிலீன் கிளைக்கோல் என்னும் நீர்மத்தைச் சேர்த்தது. நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், சுவை பார்த்தார்கள். ஓர் எலிக்கேனும் கொடுத்து அது நஞ்சா என்று பார்க்கவில்லை. அவ்வாறு பார்க்கவேண்டுமென்று அன்றைய சட்டமும் கேட்கவில்லை. பானத்தை அருந்தியவர்களுட் பலருக்குச் சிறுநீரகம் அழிந்து சிறுநீர் முற்றாக நின்றுபோயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களிற் பலர் குழந்தைகள். அதன் பின்னரே சிக்காக்கோப் பல்கலைக்கழகத்திலே விலங்குகளுக்கு அதனைக் கொடுத்து, குற்றவாளி கரைத்த நீர்மமே எனக் கண்டறிந்தனர். மருந்து விற்பனைக்கு வருமுன் அதன் தீங்கின்மைக்குச் சான்று காட்டவேண்டும் என்னும் அமெரிக்கச் சட்டம் 1938 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. எலியிடம் கேட்கத் தவறிய வினாவைக் குழந்தைகளிடம் கேட்டதன் விளைவு அது.

சல்பனிலமைட்டு தன்னளவிலும் ஒரு விந்தையைக் காட்டியது. அதனை மிகுதியாக உட்கொண்ட நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடியது. சிறுநீரோ காரத்தன்மை அடைந்தது. 1940 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மான், கெய்லின் என்னும் அறிஞர்கள், காபோனிக் அன்ஐதரேஸ் என்னும் நொதியத்தை இம்மருந்து செயலிழக்கச் செய்கிறது எனக் காட்டினர். அந்நொதியம் சிறுநீரகத்திலும் உண்டென்பது மறு ஆண்டிலே தெரியவந்தது. அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் றொபேட் பிற்ஸ் நாய்களிலே நுணுகி ஆராய்ந்து, சிறுகுழாய்கள் அமிலத்தைச் சுரந்து, அதற்கு ஈடாகச் சோடியத்தை மீட்டுக்கொள்கின்றன என்பதை விளக்கினார். நொதியம் தடைப்பட்டால் அமிலச் சுரப்புக் குறையும், சோடியம் வெளியேறும், நீரும் உடன் செல்லும். 1949 ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரத்து வைத்தியர் வில்லியம் சுவாட்ஸ், இதயம் தளர்ந்த மூன்று நோயாளிகளுக்குச் சல்பனிலமைட்டைக் கொடுத்து, அவ்வாறே சோடியமும் நீரும் வெளியேறக் கண்டார். எனினும் அதற்கு வேண்டிய அளவு நோயாளிக்குத் தீங்கானது. அதனினும் பன்மடங்கு வலிமை வாய்ந்த அசற்றசோலமைட்டு என்னும் மருந்தை வேறு இரசாயனவியலாளர்கள் அடுத்த ஆண்டிலே அறிமுகப்படுத்தினர்.

ஆயினும் அதிலும் ஒரு குறை இருந்தது. அம்மருந்து வெளியேற்றிய சோடியத்தோடு துணை சென்றது இருகாபனேற்று. இருகாபனேற்றுக் குறையக் குறைய இரத்தம் அமிலமாகும். அமிலமாக ஆக மருந்தின் ஆற்றலும் தளரும். சில நாட்களிலே சிறுநீர் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். மருந்து இருந்தும் வீக்கம் எஞ்சி நின்றது.

இவ்வேளையிலே ஆய்வுகூடங்களில் வழக்கத்திலிருந்த சோதனை முறைகளைச் சிறிது நோக்குதல் வேண்டும். ஜேர்மனியின் பிராங்போட் நகரத்துப் பேராசிரியராக இருந்த வேர்னர் லிப்ஷிற்ஸ், நாற்சி ஆட்சி வந்த 1933 ஆம் ஆண்டில் பதவியை இழந்து, முதலில் துருக்கியின் இஸ்தான்புல் நகரத்திலும், பின்னர் அமெரிக்காவிலும் பணிபுரிந்தார். 1943 ஆம் ஆண்டில் அவரும் அவருடைய துணைவர்களும் எலிகளைக் கொண்டு சிறுநீர்ப் பெருக்கிகளை மதிப்பிடும் முறையொன்றை வெளியிட்டனர். எலிகளுக்கு முதல்நாள் இரவு உணவும் நீரும் நிறுத்தப்படும். மறுநாள் அவற்றின் எடைக்கேற்ற அளவு உப்புநீரும், அதனுடன் சோதிக்கவேண்டிய மருந்தும் வயிற்றுக்குள் செலுத்தப்படும். பின்னர் அடியிலே கம்பிவலையும் அதன்கீழே புனலும் பொருந்திய கூட்டுக்குள் அவை விடப்படும். எச்சம் வலையிலே தங்க, சிறுநீர் மட்டும் புனல் வழியே அளவுகுழாயிற் சேரும். வேறொரு தொகுதி எலிகளுக்கு மருந்துக்குப் பதிலாக யூரியா கொடுக்கப்படும். ஐந்து மணி நேரத்தின் பின்னும், ஒரு நாளின் பின்னும் இரு தொகுதிகளின் சிறுநீரையும் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுப்பர். ஈவு ஒன்றுக்கு மேற்பட்டால் மருந்து பயனுடையது. இரண்டை எட்டினால் வலியது.

இம்முறையின் சிறப்பு அதன் எளிமை. புதிய பொருள்கள் பலவற்றை ஒரு வாரத்திலே சலித்துவிடலாம். யூரியா என்னும் பொது அளவுகோல் இருத்தலால், ஓர் ஆய்வுகூடத்தின் முடிவை மற்றோர் ஆய்வுகூடத்தின் முடிவோடு ஒப்பிடலாம். நீரின் அளவை மட்டும் பார்ப்பதோடு நின்றால், வெளியேறிய நீரோடு எவ்வுப்புச் சென்றது என்பது மறைந்துவிடும். ஆதலால் சிறுநீரிலுள்ள சோடியத்தையும் பொட்டாசியத்தையும் குளோரைட்டையும் தனித்தனியே அளக்கும் வழக்கமும் இதனோடு சேர்ந்தது.

நாய்களிடத்துச் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. சோதனையின்போது அஞ்சாது அமைதியாக இருக்க நாய்கள் பழக்கப்படுத்தப்படும். கிரியேற்றினின் என்னும் பொருள் நாளத்தின் வழியே இடைவிடாது சீராகச் செலுத்தப்படும். நாயின் சிறுநீரகம் அதனை வடிக்குமேயன்றி மீட்பதில்லை. ஆதலால் இரத்தத்திலும் சிறுநீரிலும் அதன் அளவை ஒப்பிட்டால், நிமிடத்துக்கு எத்துணை நீர் வடிக்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும். மெல்லிய குழாய் ஒன்றினால் குறித்த நிமிடங்களுக்கு ஒருமுறை சிறுநீரைச் சேர்த்து, இடையிலே இரத்தமும் எடுப்பர். முதலில் மருந்தின்றி அளப்பர். பின்னர் மருந்தைக் கொடுத்து அளப்பர். வடித்தல் மாறாதிருக்க உப்பின் வெளியேற்றம் கூடினால், மருந்து சிறுகுழாயிலே தொழிற்படுகிறது என்பது தெளிவு. விதரிங் காலத்திலே நோயாளியிடம் கேட்கமுடியாத வினாவுக்கு விடை இங்கே கிடைத்தது.

இம்முறையிலே தேர்ந்தவர்களுள் ஒருவர் கார்ல் பேயர். 1943 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து மருந்து நிறுவனமொன்றிலே பணியேற்ற அவருக்கு முதலில் வாய்த்த சிக்கல் பெனிசிலினைப் பற்றியது. யுத்தகாலத்திலே பொன்னினும் அரிதாயிருந்த பெனிசிலினைச் சிறுநீரகம் விரைவாக வெளியேற்றிவிடும். அதனைத் தடுக்கும் மருந்துகளை அவர் ஆராய்ந்தார். சிறுகுழாய்களின் ஒரு தொழிலை மட்டும் தெரிந்தெடுத்து மருந்தினால் தடுக்கமுடியும் என்னும் உறுதி அவ்வாராய்ச்சியிலிருந்து அவருக்குப் பிறந்தது.

ஏனைய பலரும் நொதியத்தை மேலும் வலிமையாகத் தடுக்கும் மருந்தைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், பேயர் வினாவை மாற்றினார். நோயாளியின் உடலிலே தேங்கி நிற்பது உப்புநீர். அதாவது சோடியமும் குளோரைட்டும் கலந்த நீர். அவ்வாறாயின், வெளியேறவேண்டியதும் சோடியமும் குளோரைட்டுமே. இருகாபனேற்றை வெளியேற்றும் மருந்து எத்துணை வலிதாயினும், அது குறியைத் தவறவிட்ட அம்பே. எனவே தம் நாய்களின் சிறுநீரிலே அவர் முதலாகத் தேடியது குளோரைட்டை. சல்பனிலமைட்டோடு உறவுடைய பொருள்களுள் ஒன்று, நொதியத்தைத் தடுக்கும் ஆற்றலிலே சிறிதாயிருந்தும், நாயின் சிறுநீரிலே குளோரைட்டைக் கூட்டியதை அவர் கவனித்தார். வேறொருவர் அதனை வலிமையற்றதெனத் தள்ளியிருப்பர். பேயருக்கு அது வழிகாட்டியாயிற்று.

அவருடைய கூட்டாளிகளான ஜேம்ஸ் ஸ்பிறேக், பிரெடெரிக் நொவெல்லோ என்னும் இரசாயனவியலாளர்கள் அவ்வழியிலே பல பொருள்களை ஆக்கினர். ஒருமுறை நொவெல்லோ, இரு சல்பனமைட்டுத் தொகுதிகள் பொருந்திய பொருளொன்றைப் போமிக்கமிலத்தோடு சேர்த்து, அதன் பக்கத்திலே சிறியதொரு கிளையைப் பொருத்த முயன்றார். எதிர்பார்த்த கிளை உண்டாகவில்லை. மூலக்கூறு தன்மீது வளைந்து புதிய வளையமொன்றை அமைத்துக்கொண்டது. அவ்வாறு பிறந்ததே குளோரோதயசைட்டு. அதனை நாய்களுக்குக் கொடுத்தபோது சோடியமும் குளோரைட்டும் ஏறத்தாழச் சமமாகச் சிறுநீரிலே பாய்ந்தன. வாய்வழி கொடுத்தாலும் பயன்பட்டது. நொதியத்தைத் தடுக்கும் ஆற்றலை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருந்தால் இம்மருந்து கீழ்ப்படியிலேயே நின்றிருக்கும். வினா மாறியதனாலேயே அது மேலே வந்தது.

1957 ஆம் ஆண்டிலே இம்மருந்து உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டிலே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வாராவாரம் இரச ஊசிக்காக வைத்தியசாலையை நாடிய நோயாளிகள் வீட்டிலிருந்தே மாத்திரை உட்கொள்ளலாயினர். அதனுடன் வேறொரு பயனும் வெளிப்பட்டது. உப்பைப் பெரிதும் குறைத்த அரிசி உணவினால் உயர் இரத்த அமுக்கம் தணியும் என்பதை வைத்தியர் வால்ற்றர் கெம்னர் 1940 களிலேயே காட்டியிருந்தார். உணவில் உப்பைக் குறைப்பதற்கு ஈடாக, உடலிலிருந்து உப்பை வெளியேற்றினால் என்ன? வாஷிங்ரனில் எட்வேட் பிறீஸ் குழுவினரும், பொஸ்டனில் ஹொலண்டர், வில்கின்ஸ் என்போரும் 1957 ஆம் ஆண்டிலேயே குளோரோதயசைட்டினால் நோயாளிகளின் இரத்த அமுக்கம் இறங்குவதை அறிவித்தனர்.

இறங்கிய அமுக்கம் உயிரைக் காக்குமா என்னும் வினாவுக்கு எந்த நாயும் விடை கூறமுடியாது. அதற்கு மனிதரிடத்தே, ஆண்டுக்கணக்காகச் சோதனை செய்யவேண்டியிருந்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளிலே, மிக உயர்ந்த இரத்த அமுக்கம் உடைய 143 ஆடவர்களை இரு தொகுதிகளாகப் பிரித்தனர். ஒரு தொகுதியினருக்கு ஐதரோகுளோரோதயசைட்டும் வேறிரு மருந்துகளும், மற்றத் தொகுதியினருக்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுக்கப்பட்டன. அவ்வேறிரு மருந்துகளுள் ஒன்று, நம் நாட்டு மருத்துவமும் அறிந்த சர்ப்பகந்தா மூலிகையிலிருந்து எடுத்த றெசேர்ப்பின். 1967 ஆம் ஆண்டில் வெளியான முடிவு தெளிவாயிருந்தது. மருந்தற்ற தொகுதியிலே 27 பேருக்குக் கடும் கேடுகள் நேர்ந்தன. மருந்துண்ட தொகுதியிலே இருவருக்கே நேர்ந்தன. இரத்த அமுக்கத்தைத் தணித்தல் உயிரைக் காக்கும் என்பதில் அதன் பின்னர் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. பேயர், பெயர், ஸ்பிறேக், நொவெல்லோ ஆகிய நால்வருக்கும் 1975 ஆம் ஆண்டில் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது. இவர்களுள் ஜோன் பெயர் என்பவர் விலங்குச் சோதனைகளிலே பேயருடன் உழைத்தவர்.

விலங்கு தரும் விடைக்கு எல்லையும் உண்டு. அதனை விளக்க இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, அல்டொஸ்ரெறோன் என்னும் சுரப்பைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றியது. இச்சுரப்பு, உடலிலே உப்பைத் தேக்கிவைப்பது. அமெரிக்க ஆய்வாளர் ககாவாவும் துணைவர்களும் எலிகளின் அதிரீனற் சுரப்பிகளை அகற்றியபின் புதிய மருந்துகளைக் கொடுத்தனர். பயன் ஒன்றும் தோன்றவில்லை. உப்பைத் தேக்கும் சுரப்பை ஊசிமூலம் செலுத்திவிட்டு மருந்தைக் கொடுத்தபோது, தேங்கிய உப்பு வெளியேறியது. சுரப்பு இருந்தால் மட்டுமே மருந்து தொழிற்படும் என்பது இதனால் விளங்கிற்று. 1957 ஆம் ஆண்டில் இச்சோதனை வெளியாயிற்று. ஸ்பைறொனோலக்ரோன் என்னும் மருந்து இவ்வழியிலே வந்தது. சுரப்பி அகற்றிய எலியிடம் முதல் வினாவை மட்டும் கேட்டு நிறுத்தியிருந்தால், அரியதொரு மருந்து குப்பைக்குப் போயிருக்கும்.

இரண்டாவது, எத்தாகிறினிக்கமிலம் என்னும் வலிய சிறுநீர்ப் பெருக்கியைப் பற்றியது. 1960 களின் தொடக்கத்திலே வெளிவந்த இம்மருந்து நாயிடத்தும் மனிதரிடத்தும் மிகுந்த ஆற்றலுடன் தொழிற்படும். எலியிடத்தோ அது ஏறத்தாழப் பயனற்றது. எலிகளை மட்டும் நம்பிச் சலித்திருந்தால், அதுவும் சல்லடையின் கண்கள் வழியே நழுவியிருக்கும். ஒவ்வொரு விலங்கின் சிறுநீரகமும் தன் இயல்புக்கேற்பவே விடை கூறும். ஆதலால் ஒரே விலங்கின் சான்றைக்கொண்டு தீர்ப்பளித்தல் கூடாது என்பது ஆய்வாளர் கற்ற பாடம்.

இன்னொன்றும் உண்டு. குளோரோதயசைட்டு, உப்போடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். பல ஆண்டுகள் தொடர்ந்து மருந்துண்ணும் முதியவரின் உடலிலே அது குறைந்துகொண்டே போனால், தளர்ச்சி உண்டாகும். டிஜிற்றாலிசும் சேர்ந்து உட்கொள்பவருக்கு இதயத்துடிப்பே நிலைகுலையலாம். நோயற்ற நாயிடத்தே சில மணி நேரம் செய்யும் சோதனை இதன் முழு வடிவையும் காட்டாது. ஆகவேதான் இம்மருந்துகளை உண்போரின் இரத்தத்தை வைத்தியர்கள் இன்றும் இடையிடையே சோதிக்கின்றனர்.

இவ்வரலாற்றைக் கூறும்போது, வாய்பேசாத உயிர்கள் கொடுத்த விலையை மறந்துவிடுதல் அறமாகாது. அவை தம் விருப்பத்தினால் ஆய்வுகூடம் புகவில்லை. இவ்வுணர்ச்சி புதிதுமன்று. விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைப் பிரித்தானியா 1876 ஆம் ஆண்டிலேயே இயற்றியது. 1959 ஆம் ஆண்டில் ரசல், பேர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்குக்குப் பதிலாக வேறு வழி இருப்பின் அதனையே கைக்கொள்க. இல்லையெனில் இயன்றவரை குறைந்த எண்ணிக்கையைப் பயன்படுத்துக. பயன்படுத்தும் விலங்கின் துன்பத்தை இயன்றவரை குறைக்க. மனித சிறுநீரகக் கலங்களைக் கண்ணாடிப் பாத்திரங்களிலே வளர்த்து மருந்துகளைச் சோதிக்கும் முறைகள் பிற்காலத்திலே பெருகின. 1938 ஆம் ஆண்டில், குழந்தைகளின் சாவை அடுத்துப் பிறந்த அமெரிக்கச் சட்டத்தை 2022 ஆம் ஆண்டின் இறுதியிலே திருத்தி, விலங்குச் சோதனைக்கு மாற்றான முறைகளாலும் சான்று காட்டலாம் என ஏற்றுக்கொண்டனர்.

இம்மூன்று நெறிகளும் அறத்துக்கு மட்டும் உரியவையல்ல. நல்ல அறிவியலுக்கும் உரியவை. தெளிவற்ற வினாவோடு நூறு விலங்குகளைத் துன்புறுத்துவதைவிட, செம்மையாக அமைந்த வினாவோடு சிலவற்றை அணுகுதல் கருணையும் ஆகும். உண்மைக்கு நெருங்கிய வழியும் ஆகும். குளோரைட்டை அளக்கவேண்டும் என்று ஒருவர் தீர்மானித்த அந்நாளிலே, முன்னர் எத்தனையோ விலங்குகளிடத்து வீணாகிய உழைப்புக்கும் பொருள் கிடைத்தது. காலை உணவின் பின் சிறிய மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கச் செல்லும் முதியவரும், தலையணைகளை அடுக்காது உறங்கும் நோயாளியும், அந்நாளின் பயனையே நுகர்கிறார்கள். அவர்களுக்கும் அந்த நாய்களுக்குமிடையே நிற்பது ஒரு நல்ல வினா. அதனைக் கேட்கும் பொறுப்பு மனிதருடையது. கேட்கத் தவறினால், அதன் விலையைச் செலுத்துவது விலங்காகவோ குழந்தையாகவோ இருக்கும்.